தன்னுருவம் வரைவது, கூடவே எழுதுவது: இதில் நம்மைப் பற்றி ஏதாவது தெரிய வருகிறதா?

குயில்தோப்பு:

வணக்கம். இந்தப் பக்கம் ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி. இழை தொடங்குவது இதுதான் முதல் முறை.

கோவையில் ஒரு வார இறுதி ஓவிய வகுப்புக்குப் போகிறேன். வயது நாற்பத்தைந்து தாண்டியாகிவிட்டது, வேலை ஆடிட்டர் அலுவலகத்தில். வகுப்பில் மாஸ்டர் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தை வரைய வேண்டும். வரைந்த சூட்டோடு ஒரு பக்கம் எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று சொல்லவில்லை. "உங்களுக்கு உங்களைத் தெரிய வரும்" என்றதோடு விட்டுவிட்டார்.

சில மாதங்களாகச் செய்து வருகிறேன். படத்தில் வருகிறவள் யாரோ ஒரு சிடுமூஞ்சி. மகள் பார்த்துவிட்டு "யார் மேலம்மா இவ்வளவு கோபம்?" என்கிறாள். வரையும்போது எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. எழுதின பக்கங்களைப் புரட்டினால் அத்தனையும் புலம்பல்: மாமியார், மார்ச் மாத வேலை, முட்டி வலி, முடி கொட்டுவது. படமும் எழுத்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடக்கின்றன.

இப்படிச் செய்து உங்களில் யாருக்காவது தன்னைப் பற்றி முன்னே தெரியாத ஒன்று தெரிய வந்திருக்கிறதா? வான்கோ, ஃப்ரீடா காலோ கதையெல்லாம் யூடியூபில் நிறையப் பார்த்தாகிவிட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு இது உதவுமா, இல்லை வெறும் பொழுதுபோக்கா? பொழுதுபோக்கு என்றாலும் பரவாயில்லை.

சும்மாஇரு:

மேடம், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆளாளுக்கு செல்ஃபி எடுத்துத் தள்ளுகிற காலத்தில் தன் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பதில் என்ன புதிதாகத் தெரிந்துவிடப் போகிறது? திருவண்ணாமலையில் ரமணரிடம் 'நான் யார்' என்று கேட்டபோது, இந்த உடம்பு நானல்ல என்பதில்தான் அவர் தொடங்கினார். இந்தப் பயிற்சி நேர் எதிர்த் திசை. இருக்கிற அகங்காரத்துக்கு ஆயில் பெயின்ட் அடித்து மாட்டி வைப்பது.

எழுத்து அதைவிட மோசம். டைரி எழுதுகிற எவனும் தன் பக்கம் நியாயம் என்றுதான் எழுதுவான். வக்கீலும் அவனே, நீதிபதியும் அவனே. தீர்ப்பு எப்படி இருக்கும்?

அரங்கன்மாஸ்டர்:

சும்மாஇரு சாருக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தச் சிடுமூஞ்சி. நான் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர், கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். இந்தப் புகாரைக் கேட்காத வருடமே கிடையாது.

கண்ணாடியை உற்றுப் பார்த்து வரையும்போது புருவம் தானாகச் சேரும், வாய் இறுகும். நீங்கள் வரைவது கோபக்காரியை அல்ல, கவனமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணை. உலகத்தில் பெரும்பாலான தன்னுருவங்களில் அந்த முறைப்பு இருப்பதற்குக் காரணம் இதுதான். தலை முக்கால்வாசி திரும்பி, கண் மட்டும் ஓரமாக நம்மைப் பார்ப்பதும் அப்படித்தான். கண்ணாடி ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம், நடுவில் கழுத்து திரும்பித் திரும்பி வருகிறது. இதில் மனோதத்துவம் கொஞ்சம், மரச்சாமான் அமைப்பு நிறைய.

கண்ணாடி பற்றி இன்னொன்று. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டுவேன், வாயைப் பிளப்பார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரிகிற உங்கள் தலை உச்சியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு, தாடை நுனியில் ஒன்று, கண்ணாடி மேலேயே ஒட்டுங்கள். ஸ்கேலால் அளந்தால் உங்கள் முகத்தின் உயரத்தில் சரியாகப் பாதிதான் இருக்கும். இப்போது இரண்டடி பின்னால் போங்கள். முகம் அந்த இரண்டு பொட்டுக்கு நடுவிலேயேதான் நிற்கும். தினமும் பார்க்கிற முகம், அது பாதி அளவு என்பது எவ்வளவு பேருக்குத் தெரியும்? பார்க்கிறோம், ஆனால் கவனிப்பதில்லை. அதேபோல் கண்கள் தலையின் நட்டநடு உயரத்தில் இருக்கின்றன. புதிதாக வரைகிறவர்கள் எல்லாரும் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே கொண்டுபோய் வைப்பார்கள். தன் முகம் என்று மனதில் ஒரு கணக்கு இருக்கிறது, கை அந்தக் கணக்கைத்தான் போடுகிறது.

செல்ஃபி வேறு, இது வேறு. கையை நீட்டி ஓரடி தூரத்தில் எடுக்கிற படத்தில் மூக்கு உண்மையைவிடக் கணிசமாக அகலமாக விழும். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு அடுத்தது. வரையும்போது பிடிக்காத இடத்தில்தான் அதிக நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

அப்புறம் நிறம். என்னைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்குத் தன்னுருவத்தில் கிடைக்கிற பெரிய பாடம் இதுதான். பள்ளிக்கூட க்ரேயான் பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று ஒரு ரோஸ் குச்சி வரும். ஆறாம் வகுப்பில் 'உன் முகத்தை வரை' என்றால் மொத்த வகுப்பும் அந்தக் குச்சியைத்தான் எடுக்கும். கறுத்த பையனும் எடுப்பான். எண்பது வயது ஆனவர்களும் எடுப்பார்கள், பெட்டி கிடைத்தால். பெயின்டுக்கு மாறிய பிறகும், மாநிறம் வேண்டும் என்று பிரவுனில் வெள்ளையைக் கலப்பார்கள், முகம் சாம்பல் பூத்துப்போகும். வெள்ளையைக் கிட்டத்தட்ட மறந்துவிடுங்கள். எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியென்னா, கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம். ஜன்னல் வெளிச்சம் விழுகிற கன்ன மேட்டில் நம் தோல் வெளுப்பதில்லை, நீலம் அடிக்கும். மூக்கோரத்தில் ஒரு செங்கல் நிறம், தாடைக்குக் கீழே ஆலிவ் பச்சை. இதைக் கண்டு, கலந்து, பூசி முடித்த பிள்ளை அதற்குப் பிறகு தன்னைக் 'கருப்பு' என்று ஒரே சொல்லில் சொல்லிக்கொள்ளாது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தென்கோடி:

நாகர்கோவிலில் இருந்து. மாஸ்டர் சொன்னதோடு சேர்த்து ஒன்று சொல்கிறேன், சும்மாஇரு அண்ணனுக்கும் பதிலாக இருக்கும்.

எங்கள் பக்கம் சாமித்தோப்பிலும், ஊர் ஊராக இருக்கிற அய்யா வழி வழிபாட்டு இடங்களான நிழல் தாங்கல்களிலும், பள்ளியறையில், அதாவது கருவறையில், சிலை கிடையாது. கண்ணாடி இருக்கும், முன்னால் விளக்கு எரியும். அய்யா வழிக்காரர்கள் அதன் முன்னால் நின்றுதான் கும்பிடுகிறார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்பார்கள். தலையில் துணி கட்டக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது, மேல்சாதித் தெருவில் வரக் கூடாது என்றிருந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், வைகுண்டர் கொண்டுவந்த வழி அது. உன் முகமே பார்க்கத் தகாதது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவன் தலைப்பாகையோடு தன் முகத்தைக் கண்ணாடியில் நேருக்கு நேர் பார்ப்பதை அகங்காரம் என்பீர்களா? தன் முகத்தைப் பார்ப்பது யாருக்கு எளிது, யாருக்கு எளிதில்லை என்பதைப் பொறுத்தது இது.

சும்மாஇரு:

தென்கோடி, இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வழிபாடு, எல்லாரோடும் சேர்ந்து நிற்பது. அறைக்குள் தனியாக உட்கார்ந்து டைரியில் புலம்புவதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மருந்துச்சீட்டு:

அதற்கு நான் வருகிறேன். மனநலத் துறையில் வேலை, அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

எழுதுவதைப் பற்றி ஆராய்ச்சி நிறைய இருக்கிறது. தொடக்கம் 1986இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் செய்தது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் பாதித்த ஒரு விஷயத்தை எழுதச் சொன்னார். எழுதிய கையோடு அவர்கள் முன்பைவிடச் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் நடந்ததையும் அப்போது தோன்றியதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். பிறகு பல இடங்களில் திரும்பச் செய்து பார்த்ததில் பலன் உண்டு, ஆனால் சுமாரான பலன்தான். அதிசயம் ஒன்றும் இல்லை.

குயில்தோப்பு அக்காவுக்குத் தேவையான விஷயம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. முதல் நாள் எழுதிய கதையையே கடைசி நாளும் எழுதுபவர்களுக்குப் பெரிதாகப் பலன் இல்லை. கதை நாளுக்கு நாள் மாறுபவர்களுக்கு, புதிய காரணமோ வேறொருவர் பக்கமோ உள்ளே வருபவர்களுக்குத்தான் பலன். சும்மாஇரு சொல்கிற வக்கீல் டைரி முதல் வகை. 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று ஆரம்பித்தால் கை அந்தப் பக்கம்தான் ஓடும், அது யோசனை இல்லை, அரைத்த மாவு. என்ன பார்த்தேன், என்ன நடந்தது என்று ஆரம்பித்தால் மாறுவதற்குக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு.

ஓர் எச்சரிக்கை. இரவில் சின்ன விளக்கு வைத்துக்கொண்டு கண்ணாடியை வெறித்துப் பார்க்காதீர்கள். மங்கலான வெளிச்சத்தில் பத்து நிமிடம் போலத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது சிதையும், வேற்று முகம் தெரியும், சிலருக்குச் செத்துப்போனவர் முகம்கூடத் தெரியும். இத்தாலியில் கபூட்டோ என்பவர் 2010இல் இதைப் பற்றி எழுதினார். மூளையும் கண்ணும் செய்கிற வேலைதான், ஆழ்மனம் பேசுகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பகல் வெளிச்சத்தில் வரையுங்கள்.

பொன்வண்டு:

எல்லாரும் பெரியவர்கள், நான் கல்லூரி மாணவி. வான்கோவைப் பற்றி யூடியூபில் வராத ஒன்றைச் சொல்லலாமா? மாடலுக்குக் கொடுக்கக் காசில்லாததால்தான் அவர் தன்னையே அத்தனை முறை வரைந்தார், பெரும்பாலானவை பாரிஸ் காலத்தவை. 'தன்னைத் தேடி' எல்லாம் பிற்பாடு நாம் ஒட்டியது. வெட்டிக்கொண்டது இடது காது, படத்தில் கட்டு வலது பக்கம் இருக்கிறது, அவர் பார்த்தது கண்ணாடியை. 1889 செப்டம்பரில் மனநல விடுதியில் இருந்து தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், தன்னை அறிவது கடினம் என்கிறார்கள், இருக்கலாம், ஆனால் தன்னை வரைவதும் ஒன்றும் சுலபமில்லை என்கிற மாதிரி எழுதுகிறார். அதே கடிதத்தில் அப்போது வரைந்துகொண்டிருந்த தன் முகத்தைப் பற்றிச் சொல்லும்போது உணர்ச்சி பற்றிப் பேச்சே இல்லை. ஒல்லியாக, பேய் மாதிரி வெளுத்துப்போயிருந்தேன், பின்னணி அடர் ஊதா நீலம், முடி மஞ்சள். அவ்வளவுதான். மருந்துச்சீட்டு சொன்னதும் இதுவும் ஒன்றுதானே?

ஓவியர் அம்ரிதா ஷேர்கில்லையும் யாரும் சொல்லவில்லை. அம்மா ஹங்கேரி, அப்பா பஞ்சாப். பாரிஸில் படித்த காலத்தில் தன்னைத் திரும்பத் திரும்ப வரைந்தார், 1934இல் தாஹிட்டிப் பெண்ணாகவும் தன்னை வரைந்தார். அந்த வருடமே இந்தியா திரும்பினார். தெற்கே பயணம் வந்து போன பிறகு 1937இல் வரைந்த மூன்று படங்களில் அவர் முகம் இல்லை, நம் ஊர் மனிதர்கள் இருக்கிறார்கள். தன்னுருவம் வரைவது சிலருக்கு ஒரு கட்டம், கடந்து போகிற இடம் என்று நினைக்கிறேன். தப்பென்றால் திருத்துங்கள்.

அரங்கன்மாஸ்டர்:

தப்பில்லை பாப்பா. அந்த மூன்று படத்திலும் பிரவுனை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பார். வெள்ளை வேட்டிக்கும் கறுத்த மேனிக்கும் நடுவில் ஒரு சிவப்பு ஓடும்.

வடமராட்சியான்:

ஜெர்மனியில் கனகாலமாக இருக்கிறேன். இந்த இழையைப் படித்துக்கொண்டு வரும்போது ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் பெயர் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வரைதலும் எழுத்தும் சேர்ந்து ஒரு மனிசரை எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்டால் எனக்கு அவரைவிட்டால் வேறு ஆள் தெரியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1867இல் பிறந்தவர். கணவர் கார்ல் பெர்லினில் ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். இவர் அச்சுப்படமும் கரிக்கோட்டுப் படமும் செய்தவர், பிற்காலத்தில் சிற்பமும். தன் முகத்தை மட்டும் நூறு தடவை அளவில் வரைந்திருக்கிறார், இருபது வயதில் இருந்து எழுபது தாண்டும் வரை. 1908இல் இருந்து 1943 வரை நாட்குறிப்பும் எழுதினார்.

1903இல் 'இறந்த குழந்தையுடன் ஒரு பெண்' என்று ஒரு அச்சுப்படம் செய்தார். அதற்கு மாடல் அவரே. ஏழு வயது இளைய மகன் பீட்டரைக் கையில் தாங்கிக்கொண்டு கண்ணாடி முன் இருந்து வரைந்தார். கை வலித்து முனகினாராம். அதற்குப் பிள்ளை, "பேசாம இருங்கோ அம்மா, வடிவா வரும்" என்று தேற்றினானாம். இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

1914இல் போர் தொடங்கியதும் பீட்டர் படையில் சேர நின்றான். பதினெட்டு வயது, தகப்பன் சம்மதம் வேண்டும். கார்ல் மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தது கேத்தே. அந்த அக்டோபரிலேயே பெல்ஜியத்தில் பீட்டர் செத்துப்போனான்.

அதற்குப் பிறகான நாட்குறிப்புகளைத்தான் நான் ஜெர்மன் படிக்கப் பழகிய காலத்தில் அகராதியோடு இருந்து படித்தேன். சும்மாஇரு அண்ணை, நீங்கள் சொல்லும் வக்கீல் அங்கே வருகிறார், இல்லையென்று சொல்லவில்லை. முதலில் மகன் ஒரு நல்ல நோக்கத்துக்காகத்தான் போனான் என்று பிடித்துக்கொண்டு நிற்கிறார். 1916 வாக்கில், இந்தப் போரில் எனக்கு இப்போது பைத்தியக்காரத்தனம் மட்டும்தான் தெரிகிறது பீட்டர், இப்படி நினைப்பது உனக்குச் செய்யும் துரோகமா என்று மகனிடமே கேட்கிறார். 1918 அக்டோபரில், இன்னும் இளைஞர்கள் முன்வர வேண்டும் என்று ஒரு பெரிய கவிஞர் அறைகூவியபோது, போதும், இனி ஒருவரும் சாகக் கூடாது, விதை நெல்லை அரைக்கக் கூடாது என்று பத்திரிகையில் வெளிப்படையாக மறுத்து எழுதினார். விதைநெல் வரி பழைய ஜெர்மன் கவிஞர் கோத்தேயுடையது. நான்கு வருடம் பிடித்தது அந்த ஒரு மனமாற்றத்துக்கு. ஒவ்வொரு படியும் தாளில் இருக்கிறது.

மற்றப் பக்கம் சிற்பம். மகன் செத்த வருட முடிவிலேயே ஒரு நினைவுச் சின்னம் செய்ய முடிவெடுத்தார். முதல் திட்டத்தில் பீட்டரின் உடல் கிடக்கும், தலைமாட்டில் தகப்பன், கால்மாட்டில் தாய். சரிவரவில்லை. 1919இல் கைவிட்டார், சில வருடம் கழித்துத் திரும்ப எடுத்தார், 1932இல்தான் முடிந்தது. முடிந்தபோது அதில் மகன் இல்லை. மண்டியிட்ட தாயும் தகப்பனும் மட்டும், தனித்தனிப் பீடத்தில். தகப்பனுக்குக் கார்லின் முகம். தாய்க்குத் தன் முகம். மகனைச் செய்யத் தொடங்கி, பதினெட்டு வருடம் கழித்துத் தன்னைச் செய்து முடித்தார்.

அந்தச் சிலைகள் இப்போது பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ என்ற இடத்தில் 25,000க்கும் அதிகமான ஜெர்மன் வீரர்களின் இடுகாட்டில் இருக்கின்றன. 1950களில் பழைய இடத்தில் இருந்து அங்கே மாற்றினார்கள். நான் போயிருக்கிறேன். தகப்பன் நிமிர்ந்து, இரண்டு கையாலும் தன்னையே இறுக்கிப் பிடித்தபடி. தாய் முன்னால் குனிந்து கிடக்கிறார். முகத்தைப் பார்க்க நாங்களும் குனிய வேண்டும். சிலைகளை நிறுவிவிட்டுக் கிளம்பும் முன் கேத்தே அந்தப் பெண் முன்னால் நின்று, தன் முகத்தையே பார்த்து அழுது, அதன் கன்னங்களைத் தடவிக் கொடுத்ததாக நாட்குறிப்பில் எழுதுகிறார். கார்ல் பின்னால் நின்று "ஓம், ஓம்" (ஆமாம், ஆமாம்) என்று மெல்லச் சொன்னாராம்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் போகவிட்ட தாய்மார் கனபேர். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத விருப்பமில்லை. ஒருவர்கூட இப்படி இருந்து எழுதியதை நான் காணவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

கடைசியாக, வரைகிற ஆட்களுக்கு: 1933இல் அவர் கரியால் வரைந்த தன்னுருவம் ஒன்று வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள். பக்கவாட்டு முகம், பொறுமையாகச் செய்தது. கை வருகிற இடத்தில் மட்டும் கரிக்கட்டியைப் படுக்க வைத்து வளைத்து வளைத்து ஓர் இழுப்பு. தோளுக்கும் விரலுக்கும் நடுவில் கை இல்லை, வேகம்தான் இருக்கிறது. நாசிகள் கலைக்கழகத்தில் இருந்து அவரை வெளியேற்றிய வருடம் அது.

அரங்கன்மாஸ்டர்:

ஐயா, அந்தக் கைக்காகவே அந்தப் படத்தை என் வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பின்னால் இவ்வளவு இருப்பது எனக்குத் தெரியாது. நன்றி.

குயில்தோப்பு அம்மா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதுவரை வரைந்ததை எல்லாம் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். ஒவ்வொன்றாகப் பார்க்காதீர்கள், நின்றுகொண்டு மொத்தமாகப் பாருங்கள். திரும்பத் திரும்ப என்ன வந்திருக்கிறது, என்ன வரவே இல்லை? அதை மட்டும் எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம்.

சும்மாஇரு:

வடமராட்சியான் சார், உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். இப்போதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மற்றவர்களுக்கு: இது கோல்விட்ஸ். பதினெட்டு வருடம் ஒரே கல்லோடு மல்லுக்கட்டியவர். வார இறுதி வகுப்பில் கட்டணம் கட்டி 'உங்களை நீங்களே கண்டடையுங்கள்' என்று விற்பதை இதோடு சேர்த்து முடிச்சுப் போட வேண்டாம். அந்தக் கடை மேல்தான் எனக்குக் கோபம், வரைகிறவர்கள் மேல் இல்லை.

குயில்தோப்பு:

எங்கள் மாஸ்டர் பாவம், கட்டணம் குறைவுதான்.

அரங்கன் மாஸ்டர் ஐயா சொன்னபடி ஹாலில் பரப்பினேன். பார்த்ததும் தெரிந்தது. ஒன்றில்கூடக் கழுத்து இல்லை. எல்லாத் தலையும் தாடையோடு நிற்கிறது, அல்லது காகிதம் அங்கே முடிந்துவிடுகிறது, அல்லது ஏதோ இரண்டு கோடு போட்டு விட்டிருக்கிறேன். மூக்குத்தியின் கல் வரை வரைந்திருக்கிறேன், கழுத்தை மட்டும் வரையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் உட்கார்ந்து கழுத்தை மட்டும் வரைந்தேன். எழுதின பக்கத்தை அப்படியே போடுகிறேன், கொஞ்சம் வெட்டி:

"துப்பட்டாவை எடுத்தாகிவிட்டது. கழுத்தில் குறுக்கே மூன்று மடிப்பு. நடு மடிப்பு மற்றதைவிட ஆழம். செயின் கிடக்கிற இடத்தில் மெல்லிய பட்டையாக நிறம் வேறு. இரண்டு பக்கமும் காதுக்குக் கீழிருந்து பின்னங்கழுத்து வரை கருப்பு, முகத்தைவிட மூன்று நான்கு படி அதிகம். தொட்டால் வெல்வெட் துணி. ஓரம் சீராக இல்லை. பர்ன்ட் சியென்னா போதவில்லை, நீலம் கூட்டினேன், அப்புறமும் போதவில்லை. பத்தாம் வகுப்பில் பின்பெஞ்சுப் பெண் 'கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்க மாட்டியா' என்றாள். அவள் பெயர்கூட மறந்துவிட்டது. மே மாதத்திலும் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றித்தான் போடுகிறேன். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் மாலை கழுத்தோடு ஒட்டி இருக்கிறது, நானே மேலே இழுத்துவிட்டிருப்பேன்."

இதை எழுதும்போது மாமியார் வரவே இல்லை. அது எனக்கே ஆச்சரியம்.

பொன்வண்டு:

அக்கா, அந்தப் படத்தைப் போடுங்களேன்.

குயில்தோப்பு:

இப்போது வேண்டாம்மா. அப்புறம் பார்க்கலாம்.

மருந்துச்சீட்டு:

அக்கா, எழுத்து அருமை. அதற்கு முன்னால் வேறு ஒரு கேள்வி. கழுத்தில் அப்படி வெல்வெட் மாதிரிக் கருப்பு பள்ளிக் காலத்தில் இருந்தே இருக்கிறது என்றால், கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள்? அது அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது. பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக வரும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, கூடவே சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c), இரண்டையும் எடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். தேய்க்கிற க்ரீம் எதுவும் வாங்காதீர்கள்.

சும்மாஇரு:

ஓவியப் பிரிவில் லேப் டெஸ்ட் எழுதிக் கொடுப்பதை இங்கேதான் பார்க்கிறேன்.

குயில்தோப்பு:

எடுத்துவிட்டேன். மூன்று மாத சராசரி 6.1. சர்க்கரை நோய் இன்னும் இல்லை, வாசலில் நிற்கிறது என்றார் டாக்டர். நடை, அரிசி பாதி, மூன்று மாதம் கழித்து மறுபடி. கழுத்தைப் பார்த்துவிட்டு, இதை ஏன் முன்னாலேயே யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை, சிரித்துவிட்டு வந்தேன்.

சும்மாஇரு:

மேடம், தன்னை அறிதல் என்று நூறு பேர் நூறு விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 6.1 என்று பாயின்ட் வைத்து வந்த பதில் இதுதான் முதல் தடவை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது நானல்ல என்பதெல்லாம் அப்புறம்.

குயில்தோப்பு:

அரங்கன் மாஸ்டர் ஐயா, கழுத்து இன்னும் குழாய் மாதிரியே வருகிறது. தலை அதன் மேல் உட்கார மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

அரங்கன்மாஸ்டர்:

எல்லாரும் கழுத்தை நேராக நிறுத்துவார்கள், அதுதான் காரணம். பக்கவாட்டில் பார்த்தால் கழுத்து முன்பக்கம் சாய்ந்து இருக்கும். பின்பக்கம் உயரமாகத் தொடங்கும், முன்பக்கம் காறை எலும்புக் குழியில் இறங்கி முடியும். காதுக்குப் பின்னால் இருந்து அந்தக் குழிக்கு இரண்டு தசை இறங்குகிறது. தலையை ஒரு பக்கம் திருப்பினால் எதிர்ப்பக்கத் தசை கயிறு போலப் புடைக்கும், கையால் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். முதலில் அந்த இரண்டு கோடு, அப்புறம் குழி, அதற்கப்புறம் மடிப்பு. கரியில் செய்யுங்கள், பெயின்ட் இப்போது வேண்டாம். வில்லோ கரி கிடைத்தால் மெல்லிய குச்சியாகப் பார்த்து வாங்குங்கள், காகிதம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கட்டும். முடித்ததும் உதிராமல் இருக்க ஃபிக்ஸேடிவ் அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஹேர் ஸ்ப்ரே போதும், ஓரடி தள்ளிப் பிடித்து இரண்டு தடவை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.